மேற்படியார் மலை சுற்றிய நாள்

நாலு நாளாக என் வலது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒன்றுமில்லை. ரேகை, ஒரு பழைய வெட்டுத் தழும்பு, அவ்வளவுதான். ஆனாலும் போய்ப் போய்க் கழுவுகிறேன்.

நாலாம் வகுப்பில் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களே, பே கோபுரத் தெருவில் என்னோடு நொண்டி ஆடியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் அம்மா ஒரு மனிதரின் முகத்தில் மண்ணை வாரி வீசியதைப் பார்த்தீர்கள். பிறகு ஒரு வாரம் அதையே விளையாட்டாக ஆடினோம். ஒருவர் அம்மா, ஒருவர் ஏட்டு. நான் எப்போதும் அம்மாவாகவே இருந்தேன். விட்டுக்கொடுக்கமாட்டேன்.

எமர்ஜென்சி என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொன்ன வருஷம். அப்பாவை மாசி மாதம் கொண்டுபோனார்கள். ஏதோ ஒரு துண்டு நோட்டீஸை அச்சடித்தாராம். கேஸ் இல்லை, விசாரணை இல்லை. மிசா. அந்த இரண்டெழுத்தை நான் ஒரு வியாதியின் பெயர் என்று நினைத்திருந்தேன். வேலூருக்குக் கொண்டுபோனார்கள் என்றால் ஆஸ்பத்திரிக்குத்தானே. எங்கள் அச்சகத்தின் கதவில் அரக்கு முத்திரை வைத்தார்கள். சிவப்பு அரக்கு. வெயிலில் இளகி ஒழுகி, கதவுக்கு மூக்குச் சளி வந்தது மாதிரி இருக்கும். நாம் அதைக் காட்டிச் சிரித்திருக்கிறோம்.

ஐப்பசி மழையில் அப்பா திரும்பி வந்தார். பாதி அப்பா. கழுத்தெலும்பு தெரிந்தது. கையில் ஒரு காகிதம்.

எல்லோரும் அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பார்கள். அப்பா அச்சுக்காரர். அவர் எழுத்தைப் பார்த்தார். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார், பின்பக்கம் தடவினார், மோந்துகூடப் பார்த்தார். மேலே ஆங்கிலம், கீழே தமிழ். தமிழில் 'சக்கரவர்த்தி சர்க்கார்' என்று அச்சடித்திருந்ததை யாரோ பேனாவால் அடித்திருந்தார்கள். கீழே 'விடுதலையான ராஜாங்கக் கைதி' என்பதை அடிக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

“வெள்ளைக்காரன் காலத்து அச்சு இது. அந்தக் காலத்துல ஜெயில்ல இருந்து வந்தவங்களுக்குக் குடுத்த அதே ஃபாரம். மிச்சம் இருந்திருக்கு, வீணாக்காம எனக்குக் குடுத்துட்டாங்க.”

சொல்லிவிட்டு ஏதோ நல்ல வேலைப்பாட்டைப் பார்த்தவர் மாதிரித் தலையை ஆட்டினார். அம்மாவுக்குக் கோபம் வந்தது. எழுத்தை ரசித்தது போதும், என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள் என்றாள். படித்தார். காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அச்சகத்தைத் திறக்கக்கூடாது. கூட்டம் சேர்க்கக்கூடாது. நகராட்சி எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மறுபடியும் உள்ளே.

“நான் எங்க தாண்டப்போறேன்” என்றார்.

அவரைக் கவனிக்க ஒரு ஆளைப் போட்டார்கள். ஏட்டய்யா. மஃப்டி என்று பேர், ஆனால் காக்கிக் கால்சட்டைக்கு மேலேதான் வெள்ளைச் சட்டை. தெருவே அவரைப் பார்த்துச் சிரித்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, முத்திரை வைத்த அச்சகத்தின் படியில்தான் உட்காருவார். உள்ளேயிருந்து கதவிடுக்கு வழியாக மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை வரும். அது அப்பாவின் சட்டை வாசனை. அதற்காகவே நான் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் படிக்குப் போவேன். அப்படித்தான் அவருக்கு நான் பழக்கம்.

அவரிடம் ஒரு நீளப் புத்தகம் இருந்தது. அதுவும் பழைய அச்சு, அதே அரசாங்கத்து மிச்சம். சொரசொரத்த மட்டித் தாள். ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம்: கைதி எத்தனை மணிக்கு வெளியே வந்தார், யாரோடு பேசினார், எங்கே போனார். அடியில் கார்பன் வைத்து எழுதவேண்டும். மேல் தாளைக் கிழித்து இன்ஸ்பெக்டருக்கு அனுப்பவேண்டும். அடித்தாள் புத்தகத்திலேயே இருக்கும்.

ஒருநாள் அவர் தன் மூக்குக்கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டார். வேறு செய்ய வேலூருக்குத்தான் போகவேண்டும், லீவு கிடையாது. புத்தகத்தைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பாப்பா, உனக்குக் கையெழுத்து நல்லா வருமா?”

என்னிடம் போய் அதைக் கேட்கலாமா? அப்பா எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது ஈய அச்சுக்களை வைத்து. எந்த எழுத்து எவ்வளவு அகலம், எதற்கு எவ்வளவு இடம் விடவேண்டும் என்று தெரியும் எனக்கு. உட்கார்ந்தேன். பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டேன். தேதிக்கு அடியில் இரட்டைக் கோடு. பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நாக்கில் தொட்டால் ஊதாவாகும் பென்சில். கார்பனின் நீலம் வலது கட்டைவிரலில் ஒட்டிக்கொள்ளும்.

மேற்படியார் காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டார். மேற்படியார் கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கினார். மேற்படியார் யாரோடும் பேசவில்லை.

மேற்படியார் என்றால் யார் என்று கேட்டேன். உங்கப்பாதான் என்றார், கூச்சத்தோடு. எனக்கு அது மரியாதையான வார்த்தையாகப் பட்டது. அப்பாவை யாரோ மேலே தூக்கி வைத்த மாதிரி.

யாரிடமும் சொல்லாதே கண்ணு, என் வேலை போய்விடும் என்றார். நான் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் அவரைக் கூப்பிட்டு, கையெழுத்து திருந்திவிட்டதே என்று பாராட்டினாராம். அன்றைக்கு எனக்குக் கமர்கட் வாங்கிக் கொடுத்தார். வாயில் அதக்கிக்கொண்டே மறுநாள் பக்கத்தை எழுதினேன். இனிப்பு, பென்சில் கசப்பு, இரண்டும் நாக்கில் ஒன்றாக.

கார்த்திகை பிறந்தது. கொடியேறிவிட்டது. ஊருக்குள் வளையல் கடை, பொரிக் கடை, ராட்டினம். தேருக்குப் பந்தோபஸ்து என்று போலீஸ் மொத்தத்தையும் மாடவீதிகளில் நிறுத்தினார்கள். ஏட்டய்யாவையும்தான்.

அம்மாவுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. அப்பா உயிரோடு திரும்பினால் குடும்பத்தோடு வெறுங்காலில் மலை சுற்றுகிறேன் என்று. அப்பா சாமி கும்பிடாத ஆள். கட்சி அப்படி. ஆனால் நம் ஊரில் சாமி கும்பிடாதவர்களும் மலை சுற்றுவார்கள், அது உங்களுக்குத் தெரியும். அது நடை. மலை வலப்பக்கம் இருக்கும், நாம் நடப்போம். காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டார், போட்ட கையோடு கிளம்பினோம்.

எத்தனை தடவை இதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்காவது தோன்றியிருக்கலாமே. தோன்றவில்லை. ஊரைவிட்டுப் போவது என்றால் பஸ் ஏறுவது, பை எடுத்துக்கொள்வது, பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பது. மலை சுற்றுவது ஊரைவிட்டுப் போவதா? கிளம்பின இடத்துக்கே வந்துவிடுகிறோமே. செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டி, வலப்பக்கம் திரும்பி, எல்லைக் கல்லைத் தாண்டினோம். அந்தக் கல்மேல் உட்கார்ந்து அப்பா என் காலிலிருந்த சேற்றைத் துடைத்தார். அந்தக் கல்மேல்!

பதினாலு கிலோமீட்டர். மழை விட்டிருந்தது. மலை ஒரு திருப்பத்தில் படுத்த மாடு, ஒரு திருப்பத்தில் கூம்பு, ஒரு திருப்பத்தில் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி. இப்போது போல லைட்டு இல்லை, நடைபாதை இல்லை, ஆட்டோ இல்லை. ஊர் ஜனம் மொத்தமும் தேரைப் பார்க்கப் போயிருந்தது. ஆதி அண்ணாமலை தாண்டிய பிறகு ரோட்டில் எங்களைத் தவிர ஒரு உயிர் இல்லை. அங்கே ஒரு புளியமரத்தடியில் அப்பாவின் வலது கால் பெருவிரலில் முள் ஏறியது. ஊசி இல்லை, ஊக்கு இல்லை. அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு குனிந்து, பல்லால் கடித்து அந்த முள்ளை எடுத்துத் துப்பினாள். அப்பா சிரித்தார். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. மாசியிலிருந்து நான் கேட்காத சிரிப்பு.

மாலை ஐந்து மணிக்குச் சரியாகக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஏட்டய்யா படிக்கு வந்தார். இரண்டு நாள் தூங்காத கண். முந்தின நாள் பக்கம் எழுதாமல் கிடந்தது. “எழுது பாப்பா. மேற்படியார் கையெழுத்துப் போட்ட நேரம் தவிர வீட்டை விட்டு வெளியே வரவில்லை.”

நான் எழுதவில்லை. அதாவது, எழுதினேன், அதை எழுதவில்லை. பொய் என்பதற்காகவா? இல்லை. அவ்வளவு பெரிய நியாயவாதி இல்லை நான். தினம் கத்தரிக்காய், தினம் யாரோடும் பேசவில்லை. முதல் தடவையாக எழுத ஒரு நாள் கிடைத்திருக்கிறது, அதை எப்படி விடுவேன்? அவர் ஒரு வரி சொன்னார், நான் ஒரு பக்கம் எழுதினேன். என்னம்மா இவ்ளோ நேரம் என்றார். கொட்டை எழுத்தில் எழுதுகிறேன் என்றேன். அவர் குத்துமதிப்பாக இடம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். சர்ரென்று மேல் தாளைக் கிழித்தார். அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது.

இரண்டு நாள் கழித்து ஜீப் வந்தது. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இன்ஸ்பெக்டர் கையில் தாள். மலை சுத்துனியா என்றார். சுற்றினேன் என்றார் அப்பா. எல்லைக்கல்லைத் தாண்டுனியா இல்லியா என்றார். அப்பா அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆளா? போனால்தானே சார் தாண்டினது, நான்தான் திரும்பி வந்துட்டேனே, சாயங்காலம் உங்க நோட்டுலயே கையெழுத்து இருக்கே, என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தெருவே காது கொடுத்தது. இரண்டு பேர் சிரிக்கக்கூடச் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை அப்பா மூஞ்சிக்கு நேராக நீட்டினார்.

“படிச்சுப் பாரு.”

அப்பா வாங்கினார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருடைய வலது கால் பெருவிரல் தரையை அழுத்தியது. பிறகு அந்தத் தாளை நாலாக மடித்து இன்ஸ்பெக்டர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. போலாம் சார்.”

அவ்வளவுதான். தானே போய் ஜீப்பில் ஏறினார். பயந்துட்டாரு, ஜெயில் ஆளை ஒடிச்சிப்போட்டுது என்று தெரு சொன்னது. சாமி இல்லைன்னவனைச் சாமியே சுத்தவெச்சு உள்ள தள்ளிட்டாரு என்று பொரிக்கடைக்காரர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.

ஜீப்புக்குப் பக்கத்தில் ஏட்டய்யா நின்றார். கண்ணாடி இல்லாத மூஞ்சி, உரித்த மாதிரி. அம்மா தெரு மண்ணை இரண்டு கையாலும் அள்ளினாள். “வாசப்படியில உக்காந்து எங்க தண்ணிய வாங்கிக் குடிச்சியே. உன் வீடு விளங்குமா?” என்று வீசினாள். அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டேன். அன்றைக்குப் புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். போனது நீலம் மட்டும்தான்.

அவரைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சந்தோஷப்பட்டோம்.

பங்குனி வெயிலில் எமர்ஜென்சி போய், அப்பா வந்தார். அரக்கை உடைத்தார்கள். அச்சகம் ஓடியது. என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் கேட்காமல், எனக்கே ஒரு கதை உண்டானது: ஏட்டய்யா அன்றைக்கே கண்ணாடி வாங்கியிருப்பார், என் பக்கத்தைக் கிழித்துப்போட்டிருப்பார், வேறு யாரோ பார்த்துச் சொல்லியிருப்பார்கள். இத்தனை வருஷம் அந்தக் கதைக்குள்தான் குடியிருந்தேன். ஏட்டய்யாவைத் தெருவில் பார்த்தால் அப்பா தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார். கோபம் என்று அம்மா சொன்னாள். நானும் நம்பினேன்.

அப்பா போன வருஷம் தவறினார்.

நாலு நாளுக்கு முன்னால், வேங்கிக்காலில் நானும் அம்மாவும் இப்போது இருக்கும் வீட்டுக்கு ஒரு பெண்மணி வந்தார். என் வயதுதான். ஆட்டோவை நிற்கச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். “நான் ஏட்டு பொண்ணுங்க. எங்கப்பா போய் இருபது வருஷத்துக்கு மேல ஆவுது. இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு. ஆனா உங்கப்பா இருக்கற வரைக்கும் குடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. அவரு தவறினது எனக்கு இப்பதாங்க தெரிஞ்சுது.”

துணிப்பையில் அந்த நீளப் புத்தகம்.

உள்ளே வாங்க, காப்பி சாப்பிடுங்க என்றேன். உள் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அம்மா இருமுவது கேட்டது. இல்லீங்க, ஆட்டோ நிக்குது, என்று போய்விட்டார்.

திறந்தேன். நீலம் மங்கவில்லை. ஓரக்கோடு, தேதிக்கு அடியில் இரட்டைக்கோடு. ஒன்பது வயது என் கை. ஒவ்வொரு பக்கமும் மேற்படியார், மேற்படியார். அந்தப் பக்கமும் இருந்தது. முழுதாக. அதற்கு அடுத்து, மடித்துச் செருகிய ஒரு தாள், அவருடைய கோணல் எழுத்தில். மேலதிகாரிக்குக் கொடுத்த விளக்கத்தின் நகல். தேர்ப் பந்தோபஸ்து இடத்தை விட்டு நானே மேற்படியாரைப் பின்தொடர்ந்து சென்று, கண்ணால் கண்டதை என் கையாலேயே எழுதினேன். இதில் வேறு யாருக்கும் சம்பந்தமில்லை.

அவர் அன்றைக்குத் தேரடியை விட்டு ஒரு அடி நகரவில்லை. நகர்ந்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுதியது மேற்படியாரின் மகள் என்று சொல்லியிருந்தால் என்னைத்தான் கூப்பிட்டிருப்பார்கள், அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல. பந்தோபஸ்தை விட்டுப் போனதற்கு ஏட்டுப் பட்டையைப் பிடுங்கினார்கள். சாதாரண போலீஸாகத்தான் ரிட்டயர் ஆனார்.

இதோடு முடிந்திருந்தால் நான் தூங்கியிருப்பேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. கார்பன் இல்லை, பேனா. எழுத்துக்கு எழுத்து அளந்து இடம் விட்ட கை. அச்சுக்காரர் கை. ஸ்டேஷன் நோட்டில் போடுகிற மாதிரி தேதி போட்டு, நேரம் போட்டு, கீழே அப்பாவின் கையெழுத்து.

குழந்தைக்குத் தெரிய வேண்டாம்.

தேதியைப் பார்த்தால், ஜெயிலிலிருந்து வந்த வாரமே அப்பா போயிருக்கிறார், ஏட்டய்யா வீடு தேடி. இரண்டு ஆண்கள் உட்கார்ந்து என்னைப் பற்றி ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். எனக்காக. அதற்குப் பிறகு என் அப்பா, அந்த மனிதரைத் தெரு முழுதும் துரோகி என்று சொல்லக் கேட்டுக்கொண்டு, பேசாமல் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தார். அது அன்பா? நாலு நாளாகக் கேட்கிறேன். அப்படி ஒரு அன்பை அடுத்தவர் முதுகில் எப்படி ஏற்றி வைத்தீர்கள் அப்பா?

“யாருடி வந்தது?” என்று அம்மா அன்றைக்கே கேட்டாள். யாரோ என்றேன். இன்று காலை மறுபடியும் கேட்டாள். ஏட்டய்யா மகள் என்றேன். “அவன் பொண்ணா? வாசல்ல தண்ணி தெளிச்சியா?” என்றாள். எண்பத்து மூன்று வயதிலும் அந்தக் கோபத்துக்கு மட்டும் முழங்கால் வலி இல்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் கொண்டுவந்த தாள் இதுதான், கேள் என்றேன். ஏட்டு எழுதினதா என்றாள். புத்தகத்தைத் திறந்து படித்தேன்.

“நேற்று மேற்படியார் காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டதும் தன் மனைவியோடும் மகளோடும் மலை சுற்றக் கிளம்பினார். யாரும் செருப்புப் போடவில்லை. மலை ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு மாதிரி இருந்தது. ஆதி அண்ணாமலை தாண்டி ஒரு புளியமரத்தடியில் மேற்படியார் காலில் முள் குத்தியது. அவர் மனைவி பல்லால் அந்த முள்ளை எடுத்தார். அப்போது மேற்படியார் சிரித்தார். ஜெயிலிலிருந்து வந்த பிறகு மேற்படியார் சிரித்தது இதுதான் முதல் தடவை.”

அம்மா கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள்.

“பல்லால எடுத்தத எவன் பாத்தான்? நான் சுத்தியும் பாத்துட்டுதானே குனிஞ்சேன். அங்க ஒருத்தரும் இல்லியே. நான், அவரு...”

நான் புத்தகத்தை அவள் மடியில் வைத்தேன். அவளுக்கும் கண் சரியாகத் தெரியாது. விரலால் அந்தப் பக்கத்தைத் தடவினாள், தேதிக்கு அடியில் இருந்த இரட்டைக்கோட்டில் நிறுத்தினாள். பிறகு என் வலது கையைப் பிடித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அறைவாள் என்றுகூட. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே, ஆட்டோ நின்றிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மண்ணக் கண்ணுலயே போட்டேன்டி” என்றாள்.